கன்றுக்குட்டியின் வயிறு நனையாத தண்ணீர்

என் ஐயா ராசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம் என்று முதல் வரியில் எழுத வேண்டும். எழுதினால் அது பொய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் போன வாரம் தபாலில் வந்தது. வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தை பிறப்பதற்குள் ஊருக்கு வந்துவிடுவேன், அப்பா இருந்த இடத்தில் நிற்பேன், ஆற்றுத் திட்டுச் சண்டையில் செத்த குத்தாலிங்கத்தின் மேடையில் மாலை போட்டுச் சத்தியம் செய்துவிட்டு ஆட்களோடு சின்னத்திட்டில் இறங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். அதுதான் அப்பாவின் கடைசி ஆசை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். உன் அப்பா கண்ணை மூடும்போது அந்த அறையில் இருந்தது நான் ஒருத்திதான். அப்பாவுக்கு வலதுகையாகத் திரிந்த செல்லையா வாசலில் நின்றான், அவன் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. ஆனாலும் ஊருக்குச் சொன்னவன் அவன், நம்பினவன் நீ. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று உனக்குத் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்தவன்! சரி, போகட்டும். ரயில் ஏறுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு. பாதியில் மடித்துப் பையில் போட்டுக்கொள்ளாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் வளர்ந்தவன். திட்டைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் மேடைப் பேச்சில் கேட்டது. நான் அக்கரை ஊரில் பிறந்தவள். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் தென்காசியைத் தாண்டி வந்து நம் ஊருக்கும் என் பிறந்த ஊருக்கும் நடுவில் அகலமாகப் படுத்துக்கொள்கிறது. ஐப்பசி கார்த்திகை வெள்ளம் வடிந்ததும் பெரியதிட்டும் சின்னத்திட்டும் முதுகு காட்டும். வண்டல் படிந்த மண், விதையை வீசினால் போதும், வெள்ளரியும் பூசணியும் காய்த்துக் கொட்டும். அது யாருக்கு என்பதற்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. தை பிறந்ததும் இரண்டு ஊரும் தத்தம் கரையில் கூடும். ஊருக்கொரு கன்றுக்குட்டியை ஆற்றில் இறக்குவார்கள். எந்தக் கரையிலிருந்து போன கன்று வயிறு நனையாமல் திட்டில் ஏறுகிறதோ அந்தக் கரைக்கு அந்த வருஷத் திட்டு. ஆறு ஒரு வருஷம் இந்தப் பக்கம் ஆழமாக ஓடும், மறு வருஷம் அந்தப் பக்கம் ஓடும். தோற்ற ஊர்க்காரன் கன்றைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். முதல் வெள்ளரிக்காய் அவன் வீட்டுக்குத்தான் வரும். அக்கரையில் அந்தக் கன்றுக்குப் பொட்டு வைத்து விடுகிற வேலை, நான் கல்யாணமாகி வருகிற வரைக்கும் என்னுடையது.

உன் அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஊருக்குப் பள்ளிக்கூடக் கட்டடம் வந்தது அவரால்தான். தெருவுக்கு விளக்குக் கம்பம் வந்ததும் அவரால்தான். பஞ்சாயத்து பிரசிடெண்டாக முதல் தடவை நின்றபோது வெயிலில் வீடு வீடாக நடந்து கால் கொப்புளித்து வந்தார், நான் எண்ணெய் காய்ச்சித் தடவினேன். பேச எழுந்தார் என்றால் அழுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். அவர் ஜெயித்ததைத் தொட்டடுத்து இரண்டு மூன்று வருஷம் திட்டு அக்கரைக்கே போய்விட்டது. ஊரில் முணுமுணுப்பு. ஒரு கூட்டத்தில் அவர் கேட்டார்: “இந்த ஊருக்கு நான் பிரசிடெண்டா, கன்னுக்குட்டி பிரசிடெண்டா?” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். என் கையால் பொட்டு வைத்த கன்றையெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பில் தொடங்கியதுதான் எல்லாம். தென்காசி தாலுகா ஆபீசுக்கு மனு மேல் மனு போட்டார். வருஷத்துக்கு வருஷம் இடம் மாறுகிற மண்ணுக்கு சர்வே நம்பர் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீசில் முடியாததைக் கையால் முடிப்போம் என்று முடிவெடுத்தார். ஒரு பிடி மண்ணைக்கூட விடமாட்டோம் என்று அன்றைக்குச் சொன்ன வாசகத்தைத்தான் நீ இப்போது உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய்.

அந்தத் தை மாதம் ஆழமெல்லாம் நம் பக்கம், அக்கரைப் பக்கம் முழங்கால் தண்ணீர். அதாவது திட்டு அவர்களுடைய முறை. காலையிலேயே நம் வீட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். முருங்கைக்கீரை போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்கினேன், பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். குத்தாலிங்கம் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கத்தரிக்காய் வண்டி ஓட்டிப் போயிருந்தான், திரும்பி வர நேரமாகிவிட்டது. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நேரே அடுப்படி வாசலில் வந்து நின்றான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முகத்தில் அந்தக் களை. நான் இலையை விரித்துவிட்டேன். அதற்குள் அக்கரைக்காரர்கள் கன்றோடு இறங்கிவிட்டார்கள் என்று சத்தம் கேட்டது. உன் அப்பா முற்றத்தில் இருந்து, “போயிட்டு வந்து சாப்பிடுலே” என்றார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “எடுத்து வைங்க மதினி, வந்து சாப்பிடுதேன்.” வட்டிலில் போட்டு மூடி ஆட்டுரல் பக்கம் வைத்தேன்.

திட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டதுதான். நம் ஆட்கள் நீந்திப்போய் ஏறினார்கள். முதலில் வசவு, பிறகு தள்ளுமுள்ளு, பிறகு கம்பு. அக்கரைக்காரர்கள் பின்வாங்கி ஓடினார்கள், நம் ஆட்கள் விரட்டிப் போனார்கள். முன்னால் ஓடினவன் குத்தாலிங்கம். எங்கிருந்தோ வந்த கல் பின்மண்டையில் பட்டு முகம் குப்புற விழுந்தான். கன்றுக்குட்டியின் வயிறு நனையாத தண்ணீர், அதில் ஒரு ஆம்பிளை மூச்சு முட்டிச் செத்துப்போனான். கூச்சலில் யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கல் யார் கையை விட்டது என்று இன்றுவரைக்கும் தெரியாது. அக்கரைக்காரன் கல் என்கிறோம். முன்னால் ஓடினவனுக்குப் பின்மண்டையில் அடிபட்டது எப்படி என்று நான் ஒரே ஒரு தடவை உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் அப்புறம் கேட்கவில்லை.

கல்யாணமாகாதவன், எரிக்கக்கூடாது, புதைக்க வேண்டும். ஊர்ச் சுடுகாட்டுப் பக்கம் குழி வெட்டப் போனவர்களை உன் அப்பா திரும்பக் கூப்பிட்டார். பெரியதிட்டைப் பார்த்தாற்போல ஆற்றங்கரையிலேயே புதைப்போம், அவன் அதைக் காவல் காக்கட்டும் என்றார். குழிமேட்டில் நின்று அன்றைக்கு அவர் பேசின பேச்சு இருக்கிறதே, கல்லும் அழுதிருக்கும். குத்தாலிங்கத்தின் அம்மா மட்டும் அழவில்லை. மண்ணைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதன்மேல் மேடை கட்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். போலீஸ் வந்தது, இரண்டு பக்கமும் ஆட்களைப் பிடித்துப் போனது, சாட்சி இல்லாமல் கேஸ் போயிற்று. பெரியதிட்டு நம் கையில் நின்றுவிட்டது. அக்கரைக்கும் நமக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் நின்றது. என் அம்மா செத்த செய்தி வந்தபோது இக்கரையில் நின்றுகொண்டு புகையைப் பார்த்தேன். பிரசிடெண்டு பெண்சாதி ஆற்றைத் தாண்டலாமா?

அடுத்து நடந்ததை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும். பிடித்த திட்டை ஆறு கரைத்துவிடக்கூடாது என்று அதன் தலைமாட்டில், தண்ணீர் வந்து மோதுகிற மேற்குப் பக்கத்தில், பனந்தடியை நட்டுப் பாறாங்கல்லை அடுக்க ஏற்பாடு செய்தார். வண்டி வண்டியாகக் கல் போயிற்று. அந்தச் சமயம் என் அண்ணன், உன் மாமா, தென்காசிக் கோயிலில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினான். “தலைமாட்டுல கல்லக் கெட்டினா தண்ணி திரும்பி ஒங்க கரையத்தான் அறுக்கும். மாப்ளகிட்டச் சொல்லு.” நான் வந்து சொன்னேன். அன்று மாலை அதை வைத்தே பஞ்சாயத்தில் பேச்சு. கல் வைத்தால் அவனுக்குத்தான் நஷ்டம், அதனால்தான் பயங்காட்டுகிறான், எதிராளி வேண்டாம் என்கிறதை இரண்டு மடங்கு செய் என்றார்கள். செய்தார்கள். சொன்னவன் அக்கரைக்காரன் என்பதைத் தவிர அண்ணன் சொன்ன வார்த்தையில் ஒரு குறையும் இல்லை. இதே வார்த்தையை நம் ஊர் ஆடு மேய்க்கிறவன் சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பார்கள். அதைச் சுமந்து வந்தவள் நான் என்பதால், வீட்டுக்குள்ளே அக்கரைக்காரி இருக்கிறாள் என்று ஒரு பேச்சும் கிளம்பி அடங்கியது.

ஐப்பசி வெள்ளம் வந்தது. தண்ணீர் கல்லில் மோதித் திரும்பி நம் கரையை அறுத்தது. முதல் வருஷம் வாழைத்தோட்டம், அடுத்தது கரையோர வயல். அதற்கடுத்த வெள்ளத்தில் ஒரு காலைப்பொழுது உன் அப்பா ஆற்றுக்குப் போனவர் உடனே திரும்பி வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. “அவனக் காணோம்” என்றார். மேடை இடிந்து கிடந்தது, அதன் அடியில் இருந்த கரையே இல்லை. குத்தாலிங்கத்தை ஆறு கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் ஆட்களை வைத்துத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. கரையிலிருந்து தள்ளி இன்னொரு மேடை கட்டி, இடிந்த மேடையின் கல்லை எடுத்து அதில் பதித்தார். நீ மாலை போட்டுச் சத்தியம் செய்யப்போகிற மேடை அதுதான். அதன் கீழே யாரும் இல்லை. ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டோம். வருஷா வருஷம் கொட்டடித்து மாலை போடுகிறோம். அதற்கப்புறம் உன் அப்பா ஆற்றில் குளிக்க இறங்கினதே இல்லை, கிணற்றடியோடு சரி. நானும் ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொள்ளும்போது பார்த்துத்தான் மொள்ளுவேன்.

அவர் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். ஒரு தடவை அந்த வாசல் வரைக்கும் போனார். ஆடிச் சாரலில் குற்றாலம் போயிருந்தோம். நான் குளித்து முடித்து, ஈரச்சேலையைப் பிழிந்தபடி கடைகள் பக்கம் நின்றேன். ஆண்கள் பக்கமிருந்து உன் அப்பா நடுங்கிக்கொண்டு வந்தார், துண்டை அருவி இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். எதிரே என் அண்ணன், உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தான். எழுந்து தன் காய்ந்த துண்டை நீட்டினான். உன் அப்பா வாங்கித் தலையைத் துவட்டினார். அண்ணன் மெதுவாகக் கேட்டான்: “மாப்ள, வாற தையில கன்னுக்குட்டிய எறக்குவமா?” உன் அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்ல இருந்தார் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தை எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துச் செல்லையாவும் நம் ஊர் ஆட்களும் சிரித்துக்கொண்டே படியில் இறங்கி வந்தார்கள். உன் அப்பா துண்டைப் பாறைமேல் போட்டார். “யாருவே ஒமக்கு மாப்ள?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டு நடந்தார். அண்ணன் அந்தத் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

திரும்பி வரும்போது வண்டியில் இலஞ்சி தாண்டினபிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “குடுத்துட்டா, குத்தாலிங்கம் எதுக்குச் செத்தான்னு கேப்பாவள்லா. நான் என்னன்னு சொல்லுவேன்?” அவ்வளவுதான் ராசா. அதற்குப் பிறகு அவர் நடத்தின அரசியல் முழுக்க அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நடத்தினது. தேர்தலுக்குத் தேர்தல் திட்டைச் சொல்லியே ஜெயித்தார், எதிர்த்து நிற்க ஆள் இல்லை. சீனாக்காரனோடு சண்டை வந்த சமயம் ரேடியோவில் எல்லை, எல்லை என்று சொல்லும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். கரை அறுத்ததில் நிலம் போனவர்களும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். போனது வீணாகப் போயிற்று என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? திட்டில் விளைந்த வெள்ளரிக்காயை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் தொடமாட்டார், எனக்கும் தொண்டையில் இறங்காது. மாட்டுக்குப் போட்டேன்.

இப்போது கடைசி ஆசைக்கு வருகிறேன். கடைசி நாட்களில் காய்ச்சலில் நினைவு வரும், போகும். சாப்பாட்டைக் கொண்டுபோனால் கையால் தள்ளிவிடுவார். அன்றைக்குக் கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டப் போனேன். வாயைத் திறக்காமல் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “குத்தாலிங்கம் சாப்பிட்டானா?” என்று கேட்டார். “சாப்பிட்டாச்சு. ரெண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டான்” என்றேன். “அப்பஞ் சரி” என்று சொல்லி ஒரு வாய் கஞ்சி வாங்கிக்கொண்டார். அது பாதி இறங்கினது, பாதி கடைவாயில் வழிந்தது. அவ்வளவுதான். திட்டு என்றோ மண் என்றோ உன் பெயர் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. எடுத்த பிறகு நடந்த கூட்டத்தில் செல்லையா எழுந்து, திட்டை விடாதீங்க, என் மகனைக் கூட்டிவந்து நிறுத்துங்க என்று தலைவர் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று பேசினான். நான் உள்ளே பெண்களுக்கு நடுவில் தலைவிரிகோலமாய்க் கிடந்தேன். எழுந்துபோய் இல்லை என்று சொல்லத் தெம்பில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசிக் கலைந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது அதை, உன்னை வரவேற்கக் கட்டியிருக்கிற அலங்கார வளைவில் எழுதிவிட்டார்கள்.

அதுகூடப் போகட்டும் என்று இருந்திருப்பேன். முந்தாநாள் குத்தாலிங்கத்தின் தம்பி முருகையா வந்தான். சண்டை நடந்தபோது அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, இப்போது அண்ணன் மாதிரியே தோளும் தலையுமாக அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். “ஒங்க மவன் வாறாவளாமே மதினி. சின்னத்திட்டுல மொத ஆளா நான்தான் எறங்குவேன்னு சொல்லிவைங்க” என்றான். கல் வைத்து ஆறு திரும்பினதில் சின்னத்திட்டு இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது, இரண்டு ஊர்க் கண்ணும் அதன்மேல்தான். சாப்பிட்டுவிட்டுப் போடா என்றேன். செல்லையா அண்ணாச்சி கூப்பிட்டிருக்கிறார், போய்விட்டு வந்து சாப்பிடுகிறேன் என்றான். கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். பயல் பயந்துபோனான். “என்ன மதினி, அழுதீயளா?” என்றான். அவன் கடைசி வாய் சாப்பிட்டுக் கையலம்புகிற வரைக்கும் நான் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய சோறும் புளிக்குழம்பும்தான், வட்டிலை வழித்துச் சாப்பிட்டான்.

நீ நல்ல பிள்ளை. அப்பாவைப் போலவே பேச்சு, அப்பாவைப் போலவே மீசை. நீ கை காட்டினால் இவர்கள் போவார்கள், அதுதான் எனக்குப் பயம். அவர் விட்டுவிட்டுப் போன சொத்து திட்டு இல்லை ராசா. வாய் வரைக்கும் வந்து அவர் சொல்லாமல் விட்ட ஒரு பதில் இருக்கிறது, குற்றாலத்தில் என் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில். தலைவராக நிற்க ஆசை இருந்தால் தாராளமாக நில், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு நில். குத்தாலிங்கம் எதுக்குச் செத்தான் என்று யாராவது கேட்டால், அப்பாவுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை என்று சொல். தலை குனிந்து சொல். ஊர் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நில்.

உன்னிடம் கெஞ்சிவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை. நம் செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. தை பிறப்பதற்கு முன்னால் அதையும் தாயையும் வண்டியில் ஏற்றி, தென்காசிப் பாலம் சுற்றி அக்கரைக்கு, என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று. பிரசிடெண்டு பெண்சாதி ஆற்றைத் தாண்டிவிட்டாள் என்று ஊர் பேசட்டும், பேசிப் பேசி வாய் வலிக்கட்டும். தைப் பிறப்பன்று கன்றுக்குப் பொட்டு வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரையிலிருந்து நான் இறங்குவேன். இந்தக் கரையிலிருந்து நீ ஒரு கன்றோடு இறங்கு. ஆழமெல்லாம் நம் பக்கம்தான் இருக்கிறது, நீ தோற்றுப்போவாய், எனக்குத் தெரியும். தோற்றுவிட்டுத் திட்டின் வழியாக நடந்து உன் மாமா வீட்டுக்கு வா, முருகையாவையும் கூட்டிக்கொண்டு வா. இத்தனை வருஷமாக ஆக்காத கூட்டாஞ்சோற்றை அன்றைக்கு ஆக்கி, உங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டு வைத்திருப்பேன்.

இல்லை, கம்போடுதான் வருவேன் என்றால், அதையும் தெரிந்துகொண்டு வா. அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் முதல் ஆளாக எதிரே நிற்கப்போவது உன் அம்மா.